இல்லாத எட்டாம் அதிகாரம்

ஜனவரி 19, சனி

சமையல்காரர் மாசிலாமணி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்றும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதி கல்யாணம், இன்னும் சாப்பாடு பேசி முடிக்கவில்லை. இவரிடம் சொன்னால், "வருவான் சீலி" என்கிறார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் "வரும், வரும்" என்று சொல்லியே பழகிப்போன நாக்கு.

மகள் கெசியாவிடம் சென்னைத் தோழி ஒருத்தி போனில் ஓலை என்றால் என்ன என்று கேட்டாளாம். என் எதிரில் உட்கார்ந்து விளக்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் ஐயர், அதாவது சபைப் போதகர், வாசிப்பார், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார், யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து தடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

அன்றைக்கு இந்தப் பெண் மயங்கி விழுந்து தொலைத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மேலே அந்தக் கனத்த பட்டு வேறு. சோடா குடித்ததும் எழுந்துவிட்டாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா வசந்தமலர் அவளைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை கேட்டார்.

பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. மேலே கெசியா ஆசைப்பட்ட வசனம், கிருபையைப் பற்றியது, பைபிளில் சபைக்கு எழுதிய ஒரு நிருபத்தில் வருவது. அச்சகத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது இரண்டாம் அதிகாரம் எட்டாம் வசனம் என்பதை எட்டு, இரண்டு என்று போட்டுவிட்டேன். நல்லவேளை, கெசியா பார்த்துத் திருத்தினாள். ஏழாம் வகுப்பில் ஞாயிறு பள்ளி வசனப் போட்டியிலும் இதே இடத்தில்தான் கோட்டைவிட்டேன். பரிசு கூடப் படித்த மேபெலுக்குப் போனது. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றும் அந்த எண் எனக்குத் தலைகீழாகத்தான் வருகிறது.

ஜனவரி 20, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாயிற்று. ஐயர் "தடை தெரிந்தவர்கள்" என்று சொல்லி நிறுத்தியபோது கோவிலில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த நிறுத்தம் பிடிக்கவில்லை. கேள்வி கேட்டால் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டியதுதானே. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

அதற்கு முன்னால் பாவ அறிக்கை. எல்லாரும் முழங்காலில் நின்று நாங்கள் பாவிகள் என்று சேர்ந்து சொன்னோம். என் குரல்தான் எப்போதும் முன்னால் கேட்கும் என்று ஐயரம்மா பாராட்டுவார். எல்லாரோடும் சேர்ந்து சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை.

மேபெல் வழக்கம்போல் எனக்குப் பின்வரிசையில். கெசியாவின் கல்யாணப் பிளவுசும் தலையில் போடும் நெட்டும் அவள்தான் தைக்கிறாள். பாளையங்கோட்டையில் நல்ல கடையில் கொடுப்போம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். மேபெல் சித்தி தைத்தால்தான் போடுவேன் என்று கெசியா ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

மேபெலுக்கும் ஒரு காலத்தில் ஓலை வாசித்தார்கள். நாசரேத்தில் வாத்தியார் வேலை பார்த்த மாப்பிள்ளை. இரண்டு ஓலை வாசித்தார்கள், மூன்றாவது வாசிக்கவில்லை. பெண்ணுக்கு வலிப்பு நோய் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு எவரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார். பாடகர் குழுப் பயிற்சியில் சித்திரை வெயிலில் அவள் ஒருநாள் மயங்கி விழுந்தது உண்மை. வலிப்பு என்பது பொய். பொய்யென்று யார் போய் நிரூபிப்பது? பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அவளும் தையல் மிஷினும் மட்டும் என்று ஆகி முப்பத்திரண்டு வருஷம்.

எழுதியவர் சின்ன வயசாக இருந்திருக்கலாம். இவ்வளவு தூரம் போகும் என்று நினைத்திருக்கமாட்டார்.

ஜனவரி 22, செவ்வாய்

கோவில் பலிபீடத்துக்குப் புது விரிப்பு எடுத்துக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். நான்கு பக்கமும் சரிகை வைத்தது. வெள்ளிக்கிழமை உபவாசம். மாசிலாமணி வந்தார், மட்டன் பிரியாணி, தால்ச்சா, கேசரி. கேசரி வேண்டாம், பாயசம் போதும் என்று சண்டை போட்டேன். பிறகு கேசரியே இருக்கட்டும் என்று போனில் சொன்னேன்.

ஜனவரி 24, வியாழன்

விரிப்பின் அளவு கேட்கும் சாக்கில் ஐயர் வீட்டுக்குப் போனேன். ஐயர் என்றாலும் எனக்கு அவன் ரஞ்சித்தான். மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு தெரியாமல் பெஞ்சில் ஏறி நின்றவன். என்னைக் கண்டால் இன்றும் எழுந்து நிற்கிறார்.

ஒரு தோழிக்காகக் கேட்கிறேன் என்று கேட்டேன். அம்மா செய்த பாவத்துக்குத் தண்டனை பிள்ளை மேல் வருமா?

ஐயர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தோழி ரொம்பப் பயந்திருக்கிறார்களா என்று கேட்டார். பயம் என்றில்லை, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள் என்றேன்.

"டீச்சர், தண்டனை ஏற்கெனவே ஒருத்தர் மேல விழுந்தாச்சு, சிலுவையில. ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை விழாது. இதை அவங்ககிட்ட சொல்லுங்க."

"அப்போ செஞ்சவ ஒண்ணுமே செய்யவேண்டாமா? சும்மா இருந்தா போதுமா?"

"வாங்கிக்கணும். அதுதான் நம்ம ஆளுகளுக்குக் கஷ்டம். ஏதாவது கொடுத்துத்தான் நமக்குப் பழக்கம்."

விரிப்பின் அளவைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எரிச்சல். பரீட்சை எழுதாத பிள்ளைக்கு மார்க் போடுவது என்ன நியாயம்? முப்பத்தைந்து வருஷத்தில் நான் ஒருவருக்கும் அப்படிப் போட்டதில்லை.

ஜனவரி 25, வெள்ளி

உபவாசம். பதினோரு மணிக்குத் தலைவலி. இவர் என் முன்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றார்.

ஜனவரி 27, ஞாயிறு

இரண்டாம் ஓலை. நிறுத்தத்தின்போது பின்வரிசையில் மேபெல் தொண்டையைச் செருமினாள். எனக்கு உயிர் போய் வந்தது. வெறும் இருமல்தான்.

ஆராதனை முடிந்து வாசலில் அவள் கெசியாவின் கன்னத்தைத் தடவி, ஒழுங்காகச் சாப்பிடு என்று சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, வசந்தமலர் தனக்குத் தூரத்து உறவு தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். நேற்று போனில் ரொம்ப நேரம் பேசினார்கள் என்றாள். என்ன பேசினார் என்று கேட்காமல் நடையைக் கட்டினேன். மத்தியானம் மீன்குழம்பில் உப்புப் போடவில்லை என்று இவர் சொல்லித்தான் தெரிந்தது.

நாசரேத் மாப்பிள்ளை வீட்டார் முதலில் பெண் பார்க்க வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். வந்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டு வாரத்தில் மேபெலோடு நிச்சயம் ஆயிற்று. இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 29, செவ்வாய்

வந்துவிட்டது.

சம்பந்தி ஜெபமணி போன் செய்தார். ஒரு கடிதம் வந்திருக்கிறதாம், கெசியாவின் உடம்பைப் பற்றி. போனில் பேசும் விஷயம் இல்லை, வியாழக்கிழமை நேரில் வருகிறேன் என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்து வந்த கடிதம் என்று கேட்டேன். "உங்க ஊர்லேர்ந்துதாம்மா" என்றார்.

இவரிடம் சொன்னேன். என்ன எழுதியிருந்தால் என்ன, டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிக் காட்டுவோம் என்கிறார். கெசியாவிடம் சொல்லவில்லை. அவள் உள்ளே மாப்பிள்ளையோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிரிப்பு கேட்காதபடி கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதே நோய், அதே இரண்டாம் ஓலை. ரஞ்சித் ஐயருக்கு என்ன தெரியும்? வாய்ப்பாடே தெரியாதவன்.

ஜனவரி 30, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் மேபெல் வீட்டுக்குப் போனேன். மடியில் நெட்டை விரித்து ஓரத்துக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள். வா என்றாள். நான் உட்காரவில்லை. சம்பந்தி வீட்டுக்குக் கடிதம் எழுதினாயா என்று கேட்டேன். ஊசியை விட்டுக் கையை எடுக்காமலே, "ஆமா, நான்தான் எழுதுனேன்" என்றாள்.

அவள் மறுப்பாள், நான் அதட்டுவேன் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். இப்படி ஒத்துக்கொண்டதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்து, என் பிள்ளை மேலயா பழி தீக்குதே? என்னைச் செஞ்சிருக்கலாம்லா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. மேபெல் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"எதுக்குப் பழி, சீலி?"

நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தக் கடிதத்தை நாசரேத்துக்காரங்க எங்க அப்பா கையில கொடுத்துட்டுப் போனாங்க. அப்பா எங்கிட்டக் காட்டுனாங்க. ஒருத்தி குடியைக் கெடுக்க எழுதுன கடிதம், அதுக்கும் மேல ஒரு வசனம். நம்ம ஆளுகளுக்கு வசனம் போடாம ஒரு கடிதம் எழுத வராதுல்லா. கிருபையைப் பத்தின வசனம். அதுக்குக் கீழ, எட்டாம் அதிகாரம் ரெண்டாம் வசனம். அந்த நிருபத்துல ஆறு அதிகாரம்தாம்ட்டி இருக்கு. அதை எட்டுக்குக் கொண்டுபோற ஆளு இந்த ஊர்ல ஒருத்திதான்."

இடது கையால் எழுதியிருந்தாலும் நான்தான் என்று தெரிந்துவிட்டது என்றாள். எழுத்தை மாற்றினவளுக்கு எண்ணை மாற்றத் தெரியவில்லையே என்று அப்போது சிரிப்புகூட வந்ததாம்.

அப்படியானால் முதல் நாளிலிருந்தே தெரியும். ஒன்றாகப் பாடகர் குழுவில் பாடினோம். கெசியா பிறந்தபோது சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். மாதாமாதம் திருவிருந்தில் அப்பம் வாங்கப் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். அவ்வளவு நாளும் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் கல்யாணத்தின் மூன்றாம் ஓலையன்று சொல்லத்தான் வந்தாளாம். ஐயர் கேட்டு நிறுத்தியதும் பாதி எழுந்துவிட்டாளாம். "சொன்னா உனக்குப் போயிரும். எனக்குத் திரும்பி வருமான்னு நெனச்சேன். வராதுன்னு தெரிஞ்சுது. உக்காந்துட்டேன்" என்றாள்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கடிதத்தில் என்ன எழுதினாய் என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? எனக்கு வரவேண்டியது வருகிறது. கெசியாவுக்கு வரவேண்டாம் ஆண்டவரே, அவள் பச்சைப்பிள்ளை.

ஜனவரி 31, வியாழன்

சம்பந்தி ஜெபமணி பத்து மணிக்கு வந்தார். காப்பி வைத்தேன், பாதி தட்டில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்காமல், முதலில் மன்னிப்புக் கேட்டார். நிச்சயத்தன்று மயக்கம் போட்டதிலிருந்து வசந்தமலருக்கு மனசு சரியில்லையாம். வலிப்போ என்று சந்தேகப்பட்டு, கல்யாணத்தைத் தள்ளிவைப்போம் என்றுகூட வீட்டில் பேச்சு வந்ததாம். உறவுக்காரி ஆயிற்றே என்று மேபெலிடம் விசாரித்திருக்கிறார். அதற்கு வந்த பதில் இது, நீங்களும் பார்க்கவேண்டும் என்று நீட்டினார்.

கடிதத்தை இவர் சத்தமாக வாசித்தார். மேலே அதே வசனம். இரண்டாம் அதிகாரம், எட்டாம் வசனம். ஒழுங்காக எழுதியிருந்தது.

கெசியா பிறந்த நாள் முதல் எனக்குத் தெரியும், அவளுக்கு ஒரு நோயும் கிடையாது, வெறும் வயிற்றோடு இருந்ததால் வந்த மயக்கம் என்று எழுதியிருந்தாள். அவள் அம்மாவுக்கு வாய்தான் நீளம், மற்றபடி பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறாள் என்றும் எழுதியிருந்தாள். கடைசியில்:

"எனக்கும் சின்ன வயதில் ஒருநாள் இப்படி மயக்கம் வந்தது. அது வலிப்பு என்று ஒரு சொல் கிளம்பி என் கல்யாணம் நின்றது. இன்றுவரை எனக்கு வலிப்பு வந்ததில்லை. இன்னொரு பெண்ணுக்கு அந்தச் சொல்லால் நிற்கவேண்டாம். இப்படிக்கு, மேபெல் ஞானாபரணம்."

கையெழுத்தும் தெரு முகவரியும் போன் நம்பரும் போட்டிருந்தாள். வசந்தமலர் வாசித்துவிட்டு அழுதாராம். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலைக்குக் குடும்பத்தோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஜெபமணி கிளம்பினார். "எப்பேர்ப்பட்ட மனுஷி மேபெல்" என்று இவர் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்.

சந்தோஷமாகத்தானே இருக்கவேண்டும்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன்.

பிப்ரவரி 1, வெள்ளி

சம்பந்தி அம்மாளுக்கென்று எடுத்துவைத்த அரக்கு நிறப் பட்டுச் சேலையை மேபெலுக்குக் கொண்டுபோனேன். வசந்தமலருக்கு வேறு எடுத்துக்கொள்ளலாம். மேபெல் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"கொண்டு போ. இதை நான் வாங்கிட்டா நீ இன்னைக்கு நல்லா தூங்கிருவே."

பிறகு நான் என்னதான் செய்யட்டும் என்று கத்திவிட்டேன். வீட்டை எழுதித் தரட்டுமா, ஊரறியக் காலில் விழட்டுமா? மேபெல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். என்னை மன்னித்துவிட்டாயா, அதையாவது சொல் என்றேன். மிஷின் நின்றது.

"ஒரேயடியா மன்னிச்சேன்னு சொன்னா பொய். மாசத்துல முதல் ஞாயிறு திருவிருந்து வருதுல்லா? உன் பக்கத்துல முட்டுப் போடணும். உன்மேல கசப்பை வச்சிக்கிட்டு அப்பத்தை வாங்க முடியல. அதனால அந்த மாசத்துக்கு மன்னிப்பேன். வீட்டுக்கு வந்து தனியா சோறு திங்கும்போது திரும்ப வரும். அடுத்த முதல் ஞாயிறு திரும்பவும் மன்னிப்பேன்."

பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் மளிகைக் கடையில் சீரகம் வாங்க மறந்துவிட்டேன். மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்குப் பன்னிரண்டு. முப்பத்திரண்டு வருஷம். பெருக்கத் தெரிந்த எனக்கு இதைப் பெருக்கத் துணிவில்லை.

பிப்ரவரி 2, சனி

நாளை முதல் ஞாயிறு. மூன்றாம் ஓலையும் திருவிருந்தும் ஒரே நாளில். தலைக்குக் குளித்தேன், மறந்துபோய் இரண்டாம் முறையும் குளித்தேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஜெபமணி குடும்பம் முன்வரிசையில். வசந்தமலர் கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐயர் ஓலையை வாசித்தார். மூன்றாம் முறையும் இறுதி முறையுமாக என்று சொல்லி, தடை தெரிந்தவர்கள் என்று கேட்டு நிறுத்தினார். நான் எழுந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாக எழுந்தது. எல்லாரிடமும் சொல்லித் தொலைத்துவிட்டால் போதும், என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று இருந்தது. ஐயர் என்னைப் பார்த்தார். கெசியா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளை அழுத்தியது.

"உக்காருட்டி," மேபெல் என் காதோரம் சொன்னாள். "இது உன் பிள்ளையோட ஓலை. உன்னோடது இல்ல."

உட்கார்ந்தேன். முந்தானை பெஞ்சில் மாட்டிக்கொண்டதைச் சரிசெய்வதுபோல் இழுத்துக்கொண்டேன். ஐயர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

திருவிருந்துக்கு முன் சொல்லும் பாவ அறிக்கையில் இன்று என் குரல் எழவில்லை. நாங்கள் என்று எல்லாரும் சொன்ன இடத்தில் நான் என்று சொல்லிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. பிறகு திருவிருந்துக்கு வரிசை வரிசையாகப் போனார்கள். நான் பெஞ்சைவிட்டு எழவில்லை. இத்தனை வருஷம் துணிந்து போனவள் இன்று எந்த முகத்தோடு போவது? மேபெல் என் வரிசையருகே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். "வா" என்றாள். அவ்வளவுதான். நான் எழுந்து போகும்வரை அவள் நகரவில்லை.

பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். இடது கை மேல் வலது கையை வைத்து நீட்டினேன். சின்னப் பிள்ளையிலிருந்து இப்படித்தான் நீட்டுகிறேன், அந்தக் கையில் ஒன்றுமே இல்லை என்பதை இன்றுதான் பார்த்தேன். ஐயர் அப்பத்தை வைத்தார். அழுகையை அடக்க முடியவில்லை. மகள் கல்யாணம் அல்லவா, அதனால்தான் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் மேபெல் சொன்னாள், "நாளைக்குப் பிளவுஸ் முடிஞ்சிரும். வந்து வாங்கிக்கோ. வெறுங்கையோட வா."

பிப்ரவரி 4, திங்கள்

கிளம்பும்போது சீப்பு வாழைப்பழத்தை எடுத்தேன், வைத்தேன். முறுக்கு டப்பாவை எடுத்தேன், வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எங்கேதான் போறே?" என்றார். வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். இன்று சொல்லவும் போகிறேன். கல்யாணம் முடிந்ததும் கெசியாவுக்கும்.

ஒன்றுமில்லாமல் தெருவில் நடந்தேன். கையை வீசுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மேபெல் வீட்டு வாசலில் நின்று, உள்ளேகூடப் போகாமல், சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷமாக இந்த நோட்டுகளில்கூட எவரோ எவரோ என்றே எழுதி வந்திருக்கிறேன்.

"மேபெல், அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்."

அவள் தைத்துக்கொண்டிருந்த பிளவுசிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. தெரிந்த விஷயத்துக்கு இத்தனை நாள் கழித்து அவள் அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஓரத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள்.

"உள்ள வந்து உக்காரு," என்றாள். "காப்பி போடுதேன்."

நான் உதவி செய்கிறேன் என்று அடுப்படிக்குப் பின்னாலேயே போனேன். வேண்டாம், போய் உட்கார் என்று விரட்டினாள். போய் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. வாங்கிக் குடித்தேன்.